‘கால விரிவு’ வேண்டாம், ‘பொழுதுநீட்சி’ போதும்

அசையாத வட்டம் ஒன்றையும் விரைந்து நகரும் வட்டம் ஒன்றையும் சம நேரம் திரையில் காட்டினால், நகர்ந்ததே கூடுதல் நேரம் இருந்ததாகத் தோன்றும். உளவியலாளர் ஜே. எஃப். பிரவுன் 1931-லேயே எழுதிய விளைவு இது. உளவியலில் இதற்கு ‘டைம் டைலேஷன்’ என்று பெயர். தமிழில் இதைத் தொடுகிறவர்கள் எல்லாம் ‘கால விரிவு’ என்றே எழுதித் தள்ளுகிறார்கள்.

டைலேஷனின் லத்தீன் வேர் அகலத்தைக் குறிப்பது. கண்ணின் பாவைக்கு ‘விரிதல்’ பொருந்தும். காலத்துக்குப் பொருந்துமா? நெடுநேரம், நீண்ட நாள், குறுகிய காலம் என்று காலத்தை நீளத்தால் அளப்பதுதான் தமிழ் வழக்கு. காலம் விரிந்தது என்று யார் சொல்கிறார்கள்?

அதைவிடப் பெரிய குற்றம், ஐன்ஸ்டைனின் சார்பியலுக்கும் இதே சொல் புழங்குவது. அங்கே நகரும் கடிகாரம் உண்மையாகவே மெதுவாக ஓடுகிறது. 1971-இல் விமானங்களில் அணுக்கடிகாரங்களை ஏற்றி அளந்தே காட்டினார்கள். இங்கே எந்தக் கடிகாரமும் மாறவில்லை, மாறியது நம் மதிப்பீடு மட்டுமே. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால், மூளை காலத்தையே வளைக்கிறது என்றுதான் வாசகர் நினைப்பார்.

இதற்கு மாற்றாக ‘நேரம் மெதுவாகும் மாயை’ என்பது இன்னும் மோசம். 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 31 மீட்டர் உயரத்திலிருந்து வலையில் விழுந்தவர்கள், பிறர் விழுந்த நேரத்தைவிடத் தாங்கள் விழுந்த நேரம் 36 விழுக்காடு அதிகம் என மதிப்பிட்டார்கள். ஆனால் மணிக்கட்டுத் திரையில் படுவேகமாக மாறிய எண்களை அவர்களால் படிக்க முடியவில்லை. உலகம் மெதுவாகத் தெரிந்திருந்தால் படித்திருப்பார்களே! நீண்டது கால அளவு, வேகம் குறையவில்லை. ஆய்வைப் படிக்காமல் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை.

என் பரிந்துரை ‘பொழுதுநீட்சி’. தூய்மைக்காகச் சொல்லவில்லை, தெளிவுக்காகவே சொல்கிறேன். ‘பொழுதே போகவில்லை’ என்பவர் கடிகாரத்தையா குறை சொல்கிறார்? வாழ்ந்து உணரும் நேரத்துக்குத் தமிழில் பொழுது என்ற சொல் முன்பே இருக்கிறது.

எதிர்ச்சொல்லும் தயாராக இருக்கிறது. வேகமாக மினுங்கும் ஒரு வடிவத்தைச் சற்று நேரம் பார்த்தபின், அதே இடத்தில் தோன்றுவது உள்ளதைவிடக் குறைந்த நேரமே இருந்ததாகப் படும். இதைப் ‘பொழுதுகுறுக்கம்’ எனலாம். எழுத்து ஒலிக்கும் நேர அளவான மாத்திரை குறைவதை ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் என்று நம் இலக்கணம் நெடுங்காலமாகவே சொல்லி வருகிறது. ‘கால விரிவு’க்காரர்கள் இதற்கு என்ன எழுதுவார்கள், ‘கால ஒடுக்கம்’ என்றா?