எல்லை தாண்டி வந்தவர்களின் தைராய்டு: யாரைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை, மீனாட்சிபுரம் என்று தமிழ் பேசும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. பொள்ளாச்சிப் பக்கமும் உடுமலைப் பக்கமும் பிறந்த பெண்கள் இங்கே வாழ்க்கைப்பட்டு வருகிறார்கள். வேலை மாற்றலில் குடும்பத்தோடு வருகிறவர்களும் உண்டு. இந்தப் பகுதியில் பொது மருத்துவராக இருக்கும் என்னிடம், தைராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஊர் மாறி வந்தவர்கள் முதலில் கேட்பது, “இங்கே நல்ல ஹார்மோன் டாக்டர் யார்?” என்பதுதான்.

நான் உடனே பெயர் சொல்வதில்லை. உங்களுக்கு என்ன நோய், எதற்காக மாத்திரை தொடங்கினார்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். காரணம் இருக்கிறது. தைராய்டு குறைவு மட்டுமே உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறி, அரை நாள் காத்திருந்து, “இதே மாத்திரையைத் தொடருங்கள்” என்ற ஒரு வரியோடு திரும்புகிறார்கள். நிபுணரைக் கட்டாயம் பார்க்க வேண்டியவர்களோ பக்கத்து மருந்துக்கடையோடு நின்றுவிடுகிறார்கள். இந்த இரண்டும் மாறினால் எவ்வளவோ துன்பம் குறையும்.

முதல் வகையினர்தான் மிகுதி. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே தைராய்டு சுரப்பியை மெல்ல அழிப்பதால் வரும் குறைபாடு அவர்களுடையது. சுரப்பி தர வேண்டிய ஹார்மோனான தைராக்ஸினை தினமும் ஒரு மாத்திரையாக எடுப்பது, அளவு சரிப்பட்ட பின் ஆண்டுக்கு ஓரிரு முறை டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) பரிசோதனை, அவ்வளவுதான் வைத்தியம். இதை எந்தப் பொது மருத்துவரும் செய்ய முடியும். தாலுகா மருத்துவமனையிலும் செய்ய முடியும். இவர்களுக்கு வேண்டியது வீட்டுக்குப் பக்கத்தில், தொடர்ந்து பார்க்கக்கூடிய ஒருவர்.

இவர்களுக்கு வரும் ஆபத்து வேறு வகையானது. பழைய ஊரிலிருந்து கொண்டுவந்த புட்டி தீர்ந்துபோகிறது. 88 மைக்ரோகிராம் கேட்டால் கடைக்காரர் அது இல்லை என்று 100 கொடுக்கிறார், அல்லது வேறு நிறுவனத்தின் மாத்திரையைக் கொடுக்கிறார். சிலர் புது டாக்டரைத் தேடிக்கொள்ளலாம் என்று மாத்திரையை நிறுத்தியே விடுகிறார்கள். நிறுத்திய முதல் வாரங்களில் ஒன்றும் தெரிவதில்லை. தைராக்ஸின் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாட்கள் ஆகும். முழுவதும் வடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். “மாத்திரை இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறேன், குணமாகிவிட்டது” என்ற எண்ணம் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. பிறகு முகம் ஊதி, மலச்சிக்கல் கூடி, முடி கொட்டி, காலையில் எழ முடியாமல் வருவார்கள். அறுவையில் சுரப்பியையே எடுத்துவிட்டவர்கள் இப்படி நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அவர்களுக்குச் சுரக்க வேறு இடமில்லை.

ஆகவே ஊர் மாறுவதற்கு முன்பே மூன்று மாதத்துக்கான மாத்திரையை அதே நிறுவனம், அதே அளவில் வாங்கிக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கோடையில் அதை வண்டிக்குள்ளோ சமையலறை அலமாரியிலோ வைக்காதீர்கள். வெப்பமும் ஈரமும் இந்த மாத்திரையைக் கெடுக்கும். நிறுவனமோ அளவோ மாறிவிட்டால் 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள். அதற்கு முன்னால் பார்ப்பது வீண் செலவு, ஏனென்றால் எண் அதுவரை நிலைபெறுவதில்லை. கருவுற்றவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. பழைய மருத்துவரோடு தொடர்பை அறுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒன்றிய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, பதிவு பெற்ற மருத்துவர் இந்தியாவில் எங்கிருக்கும் நோயாளிக்கும் தொலைபேசி, காணொளி வழியாக ஆலோசனை தரலாம். தமக்குத் தெரிந்த நோயாளியின் பழைய மருந்தைப் புதுப்பித்தும் எழுதித் தரலாம். புது ஊரில் கால் ஊன்றும்வரை இந்த வழி போதும்.

இந்த நிதானம் கருவுற்ற பெண்ணுக்குப் பொருந்தாது. கருவின் தைராய்டு ஏறத்தாழ 12 வாரத்துக்குப் பிறகுதான் சுரக்கத் தொடங்குகிறது. அதுவரை குழந்தையின் மூளை வளர்வது தாயின் தைராக்ஸினை நம்பித்தான். புதிதாக மணமாகி வந்த பெண், புகுந்த வீட்டில் சொல்லத் தயங்கி மாத்திரையை மறைத்தோ விட்டுவிட்டோ இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மாமியார் ஏதாவது சொல்வாரோ, “நோயாளிப் பெண்ணைக் கட்டிவைத்துவிட்டார்கள்” என்பாரோ என்ற பயம். மாமியார்களுக்கும் கணவன்மார்களுக்கும் நான் சொல்வது இது: அந்தப் பெண் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் உங்கள் வீட்டுக் குழந்தைக்குத் தைராய்டால் குறை வராது. தடுத்தால் வரலாம்.

ஏற்கெனவே தைராக்ஸின் எடுக்கும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் என்று தெரிந்த உடனே அளவு கூட்ட வேண்டியிருக்கும், பெரும்பாலும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. பிறகு கர்ப்பத்தின் முதல் பாதி முழுக்க 4 வாரத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை வேண்டும். நிபுணரின் தேதி அடுத்த மாதம்தான் கிடைக்கும் என்றால் காத்திருக்காதீர்கள். அருகிலுள்ள மகப்பேறு மருத்துவரையோ பொது மருத்துவரையோ அந்த வாரமே பார்த்து அளவைக் கூட்டிக்கொண்டு, பிறகு நிபுணரிடம் போங்கள்.

இனி, தூரமானாலும் நிபுணரிடம் போயே ஆக வேண்டியவர்கள். தைராய்டு மிகையாகச் சுரப்பவர்கள்: படபடப்பு, கை நடுக்கம், சாப்பிட்டும் எடை இறங்குவது, கண் பிதுங்குவது. கழுத்தில் கட்டி உள்ளவர்கள். குறைபாடு உள்ள குழந்தைகள். கருவுற்றிருக்கும்போது மிகைச் சுரப்பு உள்ளவர்கள். அளவைக் கூட்டிக்கொண்டே போயும் டி.எஸ்.எச். இறங்காதவர்கள். இந்தக் கடைசி வகையினர் பயணம் புறப்படுமுன் ஒன்றைச் சோதித்துப் பார்க்கட்டும். விடிந்ததும் கட்டன் சாயாவோடு (பால் சேர்க்காத தேநீர்) மாத்திரையை விழுங்குகிறார்களா? கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளைச் சேர்த்தே போடுகிறார்களா? வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட்டுத்தான் தேநீர், காபி. கால்சியத்துக்கும் இரும்புச்சத்துக்கும் 4 மணி நேர இடைவெளி. இதைச் சரிசெய்தாலே சில வாரங்களில் பலருக்கு எண் இறங்கிவிடும்.

யாரும் நினைத்துப் பார்க்காத இன்னொரு கூட்டம் உண்டு. பிரசவத்தில் உதிரப்போக்கு மிகுந்து ரத்தம் ஏற்றப்பட்ட பெண். அதன் பிறகு குழந்தைக்குப் பால் சுரக்கவில்லை, மாதவிலக்கு திரும்பவில்லை, ஆண்டுக்கணக்கில் அசதி, குளிர் தாங்கவில்லை, எழுந்து நின்றால் தலைசுற்றல். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி கர்ப்பத்தில் பெரிதாகியிருக்கும். பெருத்த உதிரப்போக்கில் ரத்த ஓட்டம் தடைப்பட்டால் அது கருகிப்போகலாம். இதைக் கண்டறிந்து விளக்கிய ஆங்கிலேய மருத்துவரின் பெயரால் ஷீஹான் நோய் என்கிறோம்.

டி.எஸ்.எச். சுரப்பதே பிட்யூட்டரிதான். அதுவே பழுதான பிறகு ஆய்வகத் தாளில் டி.எஸ்.எச். இயல்பான எண்ணைக் காட்டினாலும் பொருளில்லை. “தைராய்டு நார்மல், சத்து மாத்திரை சாப்பிடுங்கள்” என்று இவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கூடவே டி4, அதாவது ரத்தத்தில் தைராக்ஸினின் அளவு, பார்த்திருந்தால் அது கீழே கிடப்பது தெரிந்திருக்கும். இதைவிடக் கவலைப்பட வேண்டியது இன்னொன்று. இவர்களுக்குப் பெரும்பாலும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் குறைந்திருக்கும். அதை ஈடுசெய்யாமல் தைராக்ஸினை மட்டும் தொடங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கார்ட்டிசாலை ஈடுசெய்யும் ஸ்டீராய்டு முதலில், தைராக்ஸின் பிறகு. இந்த வரிசை தெரிந்தவர் கையில்தான் இந்த வைத்தியம் இருக்க வேண்டும். பேறுகாலத்தில் ரத்தம் ஏற்றிய கதை உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், எந்த மருத்துவரிடம் போனாலும் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

சரி, நிபுணர் என்று யாரை நம்புவது? ஹார்மோன் கிளினிக், தைராய்டு சென்டர் என்று பலகை மாட்டத் தனிப் படிப்பு வேண்டியதில்லை என்பது போல் ஆகிவிட்டது நிலைமை. எம்.பி.பி.எஸ். முடித்து, பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி. முடித்து, அதன் மேல் மூன்று ஆண்டுகள் எண்டோகிரைனாலஜியில் டி.எம். அல்லது அதற்கு இணையான தேசியத் தேர்வு வாரியப் பட்டம் பெற்றவரே முழுப் பயிற்சி பெற்ற நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். சர்க்கரை நோயில் ஓராண்டு சான்றிதழ் படித்தவர் சர்க்கரைக்கு நன்றாகவே பார்க்கலாம். பிட்யூட்டரி சிக்கலுக்கு அது போதாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் தேடிப் பார்க்கலாம். மேல்பட்டம் அதில் ஏறாமலும் இருக்கும், ஆகவே நேரில் கேட்டுவிடுங்கள். படித்தவர் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

பட்டத்துக்கு அடுத்தபடி, அவர் நோயாளியைப் பார்க்கும் விதம். நல்ல மருத்துவர் கழுத்தைத் தொட்டு, எச்சில் விழுங்கச் சொல்லிப் பார்ப்பார். மாத்திரையை எத்தனை மணிக்கு, எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். பழைய தாள்களைப் புரட்டுவார். தைராய்டு எதிர்ப்பான் (சுரப்பியைத் தாக்க உடலே உண்டாக்கும் பொருள்) பரிசோதனையை ஒரு முறை பார்த்திருந்தால் மறுபடி மறுபடி எழுதமாட்டார். அந்த எண் கூடினாலும் குறைந்தாலும் வைத்தியம் மாறுவதில்லை. கட்டி இல்லாத கழுத்துக்கு ஆண்டுதோறும் ஸ்கேன் எழுதமாட்டார். 75 வயதுப் பாட்டிக்கு டி.எஸ்.எச். 6 என்றால் பதறி மாத்திரை தொடங்கமாட்டார். வயதோடு அந்த எண் சற்று ஏறுவது இயல்பு, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார். தைராய்டை அடியோடு குணமாக்கும் பொடி, சொட்டு மருந்து என்று விற்கும் இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். அழிந்த சுரப்பியை முளைக்கவைக்கும் மருந்து இன்று எந்த முறையிலும் இல்லை.

பாலக்காட்டில் பெரும்பாலான மருத்துவர்களுக்குத் தமிழ் புரியும், பேச்சு ஒரு தடையில்லை. தாள்கள்தான் தடையாகின்றன. கோயம்புத்தூர் ஆய்வகத் தாளில் தனி டி4 (ஃப்ரீ டி4) ஓர் அலகில் இருக்கும், இங்குள்ள ஆய்வகத்தில் வேறு அலகில் இருக்கும். டெசிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு ஏறத்தாழ 13 பிகோமோல் என்பதும் ஒன்றுதான். 1.1 திடீரென்று 14 ஆகிவிட்டதே என்று அழுதுகொண்டு வந்தவர்கள் உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பைப் பாருங்கள். கூடுமானவரை ஒரே ஆய்வகத்தில், காலையில், அன்றைய மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுங்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். அது பல ஆய்வகங்களில் முடிவைப் பொய்யாக்கும்.

போகும் இடம் எது என்றால், இந்தப் பக்கத்தவருக்குக் கோயம்புத்தூர் அருகில் இருக்கிறது. கேரள அரசு மருத்துவமனைகளில் தொடர விரும்பினால் கோழிக்கோடு, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிகளில் தனித் துறை உண்டு. ஆந்திர எல்லையில் சித்தூர், நகரி, குப்பம் பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனையும் இருக்கின்றன. நிபுணரை ஒரு முறை பார்த்துத் திட்டம் எழுதி வாங்கிக்கொண்டு, மாதாந்திரப் பார்வையை உள்ளூர் மருத்துவரிடம் வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கட்டிக்காக அறுவை என்று முடிவானால், அறுவை மருத்துவரிடம் ஆண்டுக்கு எத்தனை தைராய்டு அறுவை செய்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்றில், ஆண்டுக்கு 25-க்கு மேல் செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவாக இருந்தன. குரல் நரம்பும் கால்சியத்தைக் காக்கும் சிறு சுரப்பிகளும் அந்தக் கட்டியை ஒட்டியே இருக்கின்றன.

மிகைச் சுரப்புக்கு கார்பிமசோல் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு, அன்றே அருகிலுள்ள மருத்துவமனையில் வெள்ளணு எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். அரிதாக இந்த மருந்து, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். இரவானாலும் ஞாயிறானாலும் சரி, நிபுணரின் தேதி நான்கே நாளில் இருந்தாலும் சரி, அதுவரை காத்திருக்கக் கூடாது.