பிரேக் ஆயில் மாற்ற எந்தக் கருவி வாங்குவது?

"பிரேக் ஆயிலை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், எந்தப் பம்ப் வாங்கட்டும்?" என்று பட்டறைக்கு வருகிறவர்கள் இப்போது நிறையவே கேட்கிறார்கள். ஆன்லைனில் விதவிதமாகக் கிடைக்கிறது, ஆசையும் வருகிறது. நான் முதலில் மூன்று விஷயங்களைத் திருப்பிக் கேட்பேன். வண்டி எவ்வளவு பழசு? பெடல் மிதிக்கக் கூட ஓர் ஆள் உண்டா? ஏபிஎஸ் (திடீரென்று பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால்தான் கருவியைச் சொல்ல முடியும்.

எங்கள் பட்டறை மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. குன்னூரிலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் வண்டி சுமார் 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறது. மூன்றாவது, நான்காவது கியரில் விட்டுவிட்டு வழி நெடுக பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், டிஸ்க் சூடு, அதைப் பிடித்து நிறுத்தும் காலிப்பர் வழியாக ஆயிலுக்குப் போகிறது. ஆயிலில் ஈரம் ஏறியிருந்தால் அது கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். அதனால்தான் பெடல் தரை வரைக்கும் போகிறது, வண்டி நிற்பதில்லை. டிஸ்க்கை உரசும் பேட் மட்டும் சூடேறினால் பெடல் கெட்டியாகவே இருக்கும், பிடிதான் குறையும். பெடல் உள்ளே இறங்கினால் ஆயிலைச் சந்தேகப்பட வேண்டும். ஓரமாக நிறுத்தி ஆறவிட்டதும் பெடல் சரியாகிவிடுவதால், பலர் அதை அப்படியே மறந்துவிடுகிறார்கள். அதுதான் எனக்குக் கவலை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடித் துளை வழியாகவும் அது மெல்ல மெல்ல உள்ளே போகும். டாட் 3 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய நிலையில் 140 தாங்கினாலே போதும் என்பதுதான் அந்தத் தரத்தின் அளவு. டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. பல கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான். வண்டி ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் இது பொருந்தும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கறுத்த ஆயில் பழசு என்பது சரி, ஆனால் தெளிவாகத் தெரிகிற ஆயிலிலும் தண்ணீர் இருக்கலாம்.

எந்த ஆயில் என்பது வண்டியிலேயே இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும். டாட் 3 கேட்கும் வண்டிக்கு டாட் 4 ஊற்றலாம், டாட் 4 கேட்கும் வண்டிக்கு டாட் 3 ஊற்றக் கூடாது. டாட் 5 சிலிக்கான் வகை, அதை இவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4-ன் இனம்தான். சாதாரண காருக்கு ஒரு லிட்டர் கையில் இருந்தால் போதும். அதை அரை லிட்டர் பாட்டில் இரண்டாக வாங்குங்கள். இரண்டாவதைத் தேவைப்பட்டால் மட்டும் திறந்தால் போதும். போன வருடம் திறந்து பரணில் வைத்த மிச்சம் வேண்டாம், அது இத்தனை நாளும் ஈரம் குடித்திருக்கும்.

இனி முறைகள். கூட ஆள் இருந்தால் பழைய முறையே நல்லது. ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க வேண்டும். "பிடிச்சாச்சு" என்று சொன்னதும் கீழே இருப்பவர் சக்கரத்தருகே ஆயிலை வெளியே விடும் நிப்பிளை அரைச் சுற்று திறந்து, ஆயில் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகு "விடு" என்று சொன்னால்தான் மேலே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். முந்திக் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். இதற்கு ஒரு ஸ்பேனரும் டியூபும் போதும். ஆனால் பழைய வண்டி என்றால் எச்சரிக்கை தேவை. வழக்கமாக ஓட்டும்போது, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் கொஞ்ச தூரம்தான் போய்வரும், அதைத் தாண்டிய பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். இந்த வேலையில் பெடலைத் தரை வரை மிதித்தால் சீல் அதன் மேல் உரசிக் கிழியலாம். நேற்று வரை நன்றாக இருந்த பிரேக், ஆயில் மாற்றிய பிறகு இறங்க ஆரம்பிப்பதற்கு இது ஒரு காரணம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டால் கால் அவ்வளவு தூரம் போகாது.

தனியாகச் செய்கிறவர்களுக்கு, ஆயிலை வெளியே மட்டும் விட்டுத் திரும்ப விடாத வால்வு வைத்த பாட்டில் கிடைக்கிறது. விலை குறைவு, ஆனால் வால்வு சரியாக மூடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிப்பிளைத் திறந்துவிட்டுத் தானாகச் சொட்டவிடும் முறையும் உண்டு. நேரம் நிறைய பிடிக்கும், ஆனால் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கையில் இருக்கிறது, வண்டியும் பழசு என்றால் எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

கையால் உறிஞ்சும் வேக்குவம் பம்ப்தான் அதிகம் விற்கிறது, அதிகம் குழப்புவதும் அதுவே. நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை வழியாகவே வெளிக்காற்றை இழுக்கும். டியூபில் குமிழ் நிற்கவே நிற்காது. பிரேக் லைனில் காற்று இருக்கிறது என்று நினைத்துப் பாட்டில் காலியாகும் வரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். அதற்குள் மேலே டப்பா வறண்டு உண்மையாகவே காற்று புகுந்துவிடும்.

டப்பாவின் மேலிருந்து அழுத்தம் கொடுக்கும் பிரஷர் பிளீடர் தனி ஆளுக்கு ஏற்ற கருவி. வருடா வருடம் செய்கிறவர், வீட்டில் இரண்டு மூன்று வண்டி இருக்கிறவர் வாங்கலாம். ஆனால் உங்கள் வண்டி மூடிக்குச் சரியாகப் பொருந்தும் அடாப்டர் வேண்டும். எல்லா வண்டிக்கும் ஆகும் என்று சங்கிலியால் கட்டுகிற வகையில் ஓரத்தில் கசிந்து பெயின்ட் மேல் வழிவதைப் பார்க்கிறேன். ஆயில் ஊற்றும் முன் காற்றை மட்டும் ஏற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். 10 முதல் 15 பிஎஸ்ஐ போதும். டயர் பம்பை நேராக டப்பாவில் மாட்டும் ஏற்பாட்டைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அது பிளாஸ்டிக் டப்பா, வெடித்தால் முகத்தில்தான் அடிக்கும்.

பம்புக்கு யோசிக்கும் பணத்தில் முதலில் இந்தச் சாமான்களை வாங்குங்கள். ஆறுமுக ரிங் ஸ்பேனர், நிப்பிள் அளவுக்கு ஏற்றது. ஓபன் ஸ்பேனரால் முனை தேய்ந்த நிப்பிளை எடுப்பது பட்டறையிலேயே பெரும்பாடு. துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள், அசையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள், உடைந்துவிடும். அடுத்து உள்ளே பார்க்க முடிகிற டியூப். அதன் முனை பாட்டிலில் இருக்கும் ஆயிலுக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். பிறகு கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை. கடைசியாக நல்ல ஜாக் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றி, பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யவே கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

வேலை தொடங்கும் முன் டப்பாவில் இருக்கும் பழைய ஆயிலை ஒரு புது சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். அடியில் உள்ள துளை வெளியே தெரியும் அளவுக்கு உறிஞ்ச வேண்டாம். இதோடு நிறுத்திவிட்டு மாற்றியாகிவிட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு. சூடு ஏறுவது காலிப்பரில், அங்கே பழைய ஆயில் அப்படியே இருக்கிறது. நம் ஊர் வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளில் பொதுவாக இடது பின் சக்கரத்தில் தொடங்கி வலது முன் சக்கரத்தில் முடிப்போம். சில மாடல்களுக்கு வரிசை வேறு, அந்த வண்டியின் புத்தகம் சொல்வதே சரி. ஒவ்வொரு ஐந்தாறு மிதிக்கும் எழுந்து போய் டப்பாவைப் பாருங்கள். இந்த வேலையில் கெட்டுப்போகிற வண்டிகள் பெரும்பாலும் டப்பா வறண்டதால்தான் கெட்டிருக்கின்றன.

ஏபிஎஸ் வண்டியிலும் காற்று புகாமல் பார்த்துக்கொண்டால் இப்படியே மாற்றிவிடலாம். புகுந்துவிட்டால் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் மாட்டிய காற்றை எடுக்கப் பல மாடல்களுக்கு ஸ்கேனர் வைத்து உள்ளே இருக்கும் மோட்டாரை ஓட்ட வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, வண்டியை ஓட்டாமல் வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வாருங்கள். பிரேக்கை மின்சாரப் பம்ப் இயக்கும் ஹைப்ரிட் கார்களை வீட்டில் தொடவே வேண்டாம்.

முடித்த பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள். இறங்கவில்லை என்றால் நான்கு நிப்பிளையும் கசிவு பார்த்துவிட்டு, ஆள் இல்லாத சமதளத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். மலை ஏறுவது அப்புறம். பெயின்ட் மேல் சிந்தியிருந்தால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், காத்திருந்தால் பெயின்ட் உரிந்துவிடும். எடுத்த பழைய ஆயில் விஷம், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்தால் குழந்தைகள் எடுத்துக் குடிக்கக்கூடும். மேலே பெரிதாக எழுதி மூடி, சாக்கடையில் கொட்டாமல், கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.