வெயில் காலத்தில் மாடு ஏன் சினை நிற்பதில்லை?

சித்திரை பிறந்தால் எங்கள் கால்நடை மருந்தகத்து வாசலில் ஒரே புகார்தான். "ஏனுங்க சார், மூணு ஊசி போட்டாச்சு, மாடு நிக்கவே மாட்டேங்குது. மருந்து சரியில்லீங்களா?" சினை ஊசியைத்தான் சொல்கிறார்கள், உறைய வைத்த காளை விந்தை மாட்டின் கருப்பைக்குள் செலுத்துவது. அந்த உறைவிந்து திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் கிடக்கிறது. வெளியே கொளுத்துவது அதற்குத் தெரியாது. மாட்டுக்குத்தான் தெரியும்.

ஒரு வைகாசியில் ஒரு அம்மா ஜெர்சி கலப்பின மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். மணி பகல் ஒன்று. தார் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் நடை. மாட்டின் வாயில் நுரை தள்ளியது, விலா வேகமாக ஏறி இறங்கியது. தெர்மாமீட்டர் வைத்தால் 104. சாதாரணமாக 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் இருக்க வேண்டிய உடம்பு. "இதுக்கு முந்தி போட்ட ஊசிக்கும் இந்த நேரத்துக்குத்தான் ஓட்டிட்டு வந்தீங்களாம்மா?" என்றேன். "ஆமாங்க சார், வீட்டு வேலை முடியோணுமில்லீங்க" என்றார்.

மாட்டின் உடம்பு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் தன் உயிர். அடுத்து, மடியில் இப்போது குடிக்கிற கன்று. அதற்குப் பிறகுதான் இனிமேல் பிறக்கப் போகிற கன்று. வறட்சியிலும் வெக்கையிலும் பிழைத்து வந்த உயிருக்கு இது நியாயமான கணக்கு. நாம்தான் அதை நோய் என்று நினைத்து ஊசிக்கு மேல் ஊசி போடுகிறோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான், பருவத்துக்கு, அதாவது காளை சேரத் தயாராகும் நிலைக்கு, வராத மாட்டுக்கெல்லாம் ஹார்மோன் ஊசியைத் தூக்கிக்கொண்டு போனவன். தீவனத் தொட்டியை எட்டிப் பார்க்கும் புத்தி பிறகுதான் வந்தது.

கன்று ஈன்ற முதல் இரண்டு மாதம் பால் ஏறுகிற வேகத்துக்குப் பசி ஏறாது. பற்றாக்குறைக்கு உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரையும். விலா எலும்பு தெரியத் தெரியப் பால் கறக்கும் மாட்டில் சினைப்பை ஏறக்குறைய தூங்கும். இதோடு வெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும்?

மாட்டின் பெருவயிறு ஒரு அடுப்பு. தீனி அங்கே நொதிக்கும்போதே சூடு கிளம்புகிறது. அதனால் வெக்கையில் மாடு செய்யும் முதல் காரியம் தீனியைக் குறைப்பது. அடுத்து மூச்சு வாங்கும். நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் விலா ஏறி இறங்கினால் மாடு தவிக்கிறது என்று பொருள். படுக்கவும் மாட்டேன் என்று நிற்கும், நின்றால்தானே உடம்பைச் சுற்றிக் காற்றுப் படும். ஒழுகுகிற எச்சிலோடு பெருவயிற்றின் புளிப்பை முறிக்கும் உப்பும் போய்விடும். கோடையில் சொசைட்டியில் பாலின் கொழுப்பு அளவு குறைவாகக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். கறப்பவர்மேல் சந்தேகப்பட வேண்டாம்.

இத்தனை பாடுகளுக்கு நடுவே பருவத்தைக் காட்டத் தெம்பு ஏது? சாதாரண நாளில் 12 முதல் 18 மணி நேரம் நீடிக்கும் பருவம் கோடையில் சுருங்கிவிடும். கத்தாது, அடுத்த மாட்டின் மேல் தாவாது. பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடிபோல வழும்பு (வழவழப்பான சளி) கொஞ்சம் ஒழுகும், அதுவும் நள்ளிரவுக்கு மேல். இதைத்தான் ஊமைப் பருவம் என்கிறோம். விடிந்து பார்க்கும்போது வாலில் காய்ந்து ஒட்டியிருப்பதுதான் மிச்சம். ஓரிரண்டு நாள் கழித்து ரத்தம் கலந்த சளி வந்தால், "இப்பத்தான் பருவம்" என்று ஓடி வருகிறார்கள். அதற்குள் கருமுட்டை வெளியேறி வீணாகியிருக்கும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, 18ஆம் நாளிலிருந்து ராத்திரியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

சரி, பருவத்தைக் கண்டுபிடித்துச் சரியான நேரத்தில் ஊசியும் போட்டாயிற்று. அப்படியும் நிற்காமல் போவது ஏன்? கரு உருவான முதல் இரண்டு மூன்று நாள் அதற்குச் சூட்டைத் தாங்கும் திறன் கிடையாது. பிறகு மெல்ல வரும். அந்த நாட்களில் தாயின் உடம்பு கொதித்தால் கரு அங்கேயே முடிந்துவிடும். மாடு மறுபடி 21ஆம் நாள் பருவத்துக்கு வரும், பழி ஊசி போட்டவர் தலையில் விழும். இன்னொன்று, கருமுட்டை தங்கி வளரும் கொப்புளம் முதிர வாரக்கணக்கில் ஆகும். வைகாசி வெயில் அடித்த அடி ஆடியிலும் தெரிவது இதனால்தான். ஊர்க் காளைக்கும் இதே கதை. விந்து உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதற்கு உடம்பைவிடக் குறைந்த சூடு வேண்டும் என்பதால்தான் விதைப்பை வெளியே தொங்குகிறது.

காங்கேயம் இந்த வெயிலுக்குப் பழகிய நாட்டு மாட்டினம். குட்டை ரோமம், கழுத்துக்கடியில் தொங்கும் அலைதாடி, நன்றாக வியர்க்கும் தோல், கறக்கும் பாலும் குறைவு என்பதால் உள்ளே எரியும் அடுப்பும் சின்னது. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் என்ற சீமை மாடுகளின் ரத்தம் ஏற ஏறப் பாலும் ஏறும், வெயிலுக்குப் பயமும் ஏறும். சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு ஹோல்ஸ்டீன் என்று பிரித்து வைத்திருப்பது சும்மா இல்லை. எருமை இன்னொரு தினுசு. கறுப்புத் தோல், வியர்வைச் சுரப்பி மிகக் குறைவு. குட்டையில் புரளுவதுதான் அதற்கு வியர்வை. பகல் குறுகும் மாதங்களில்தான் அதற்குப் பருவம் நன்றாகத் தெரியும், கோடையில் பெரும்பாலும் ஊமைதான். குட்டையைத் தூர்த்துவிட்டு எருமை சினை நிற்கவில்லை என்று வருபவர்களிடம் என்ன சொல்ல?

அந்த அம்மாவிடம் நான் மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் தென்னங்கீற்று பரப்பச் சொன்னேன். உச்சி வேளையில் வேப்பமர நிழலில் கட்டி, இரண்டு மூன்று தடவை உடம்பு நனையத் தண்ணீர் ஊற்ற வேண்டும், காற்றும் படவேண்டும். தீவனத்தில் பெரும்பங்கை விடிகாலையிலும் இரவிலும் போட வேண்டும், தாது உப்புக் கலவை தினமும் வேண்டும், தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்க வேண்டும். காலையில் பருவம் தெரிந்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. போட்ட பிறகு குறைந்தது மூன்று நாள் வெயிலில் கட்டவோ ஓட்டவோ கூடாது.

ஆனி கடைசியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு ஃபோன். "சார், கத்தவே இல்லீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் பார்த்தேன், வழும்பு தெரிஞ்சுது. எப்ப ஓட்டிட்டு வரட்டுங்க?" ஓட்டி வர வேண்டாம், மத்தியானம் கழித்து நானே வருகிறேன் என்றேன்.