பழைய டர்போ காருக்குக் கெட்டி ஆயில் ஊற்றலாமா?

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஒரு டீச்சர் காரைக் கொண்டு வந்தார். 1.6 லிட்டர் டர்போ எஞ்சின் (டர்போ என்பது புகைக்காற்றின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி), மீட்டரில் 192,000 கிலோமீட்டர். வாசலில் நிறுத்தும்போதே பின்னால் நீலப் புகை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுங்கை பட்டாணிக்குப் போக வேண்டும் என்றார்.

"ரெண்டு மாசம் முன்னாலதான் ஆயில் மாத்தினேன் அண்ணே. காடி பழசாயிருச்சு, கெட்டியா ஊத்துனாதான் தாங்கும்னு சொல்லி 20டபிள்யூ-50 ஊத்துனாங்க."

காற்றுக் குழாயைக் கழற்றி டர்போவின் விசிறியை விரலால் அசைத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் ஆடி, கூட்டில் உரசியது. அந்தத் தீபாவளிக்கு அவர்கள் பேருந்தில்தான் ஊருக்குப் போனார்கள்.

கெட்டி ஆயில் மட்டுமே அந்த டர்போவைக் கெடுத்தது என்று சொல்ல மாட்டேன். 192,000 கிலோமீட்டர் ஓடியதில் ஏற்கெனவே தேய்மானம் இருந்திருக்கும். ஆனால் இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்க வேண்டியதை அது சீக்கிரம் முடித்து வைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. "பழைய காடிக்குக் கெட்டி ஆயில்" என்பது நம்மவர்களிடம் அப்பா காலத்திலிருந்தே இருக்கும் நம்பிக்கை. டர்போ இல்லாத பழைய எஞ்சின்களுக்கு அது ஓரளவு பொருந்தியது. டர்போவுக்கு அப்படியே பொருந்தாது.

டர்போவின் உள்ளே இருக்கும் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழல்கிறது. ஒரு முனையில் 900 டிகிரி வரை போகும் புகைக்காற்று, மறு முனையில் வெளியிலிருந்து இழுக்கும் காற்று. பெரும்பாலான டர்போக்களில் நடுவில் அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். அந்த ஆயில் வருகிற குழாயின் துளை பால்பாயிண்ட் பேனாவின் பருமன்கூட இருக்காது. காலையில் சாவியைத் திருப்பியதும் ஆயில் அந்தத் துளை வழியே எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்பதில்தான் டர்போவின் ஆயுள் இருக்கிறது. 20டபிள்யூ-50 போன்ற பெயரில் முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதையும், இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதையும் சொல்கிறது.

"இங்கே குளிர்காலமே இல்லையே, முதல் எண்ணைப் பற்றி ஏன் கவலைப்படணும்?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்துதான். அந்தச் சோதனையும் பூஜ்யத்துக்குக் கீழேதான் நடக்கிறது. ஆனால் ஆயிலைப் பற்றிய தாள்களில் 40 டிகிரிக்கான கெட்டித்தன்மையும் போட்டிருப்பார்கள். அதைப் பாருங்கள். 5டபிள்யூ-40 உடன் ஒப்பிட்டால் 20டபிள்யூ-50 ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி. நம் ஊர்க் காலை அதைவிடவும் குளிர்ச்சி. அதனால் கோலாலம்பூரிலும் அந்த முதல் எண்ணுக்கு வேலை இருக்கிறது.

சரி, அப்படியானால் எதை ஊற்றுவது? முதலில் காரோடு வந்த கையேட்டை எடுங்கள். பெரும்பாலான கையேடுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட தடிமன்கள் அனுமதிக்கப்பட்டிருக்கும். 5டபிள்யூ-30 போட்டு ஓட்டிய கார், 150,000 கிலோமீட்டருக்குப் பிறகு ஆயில் குடிக்க ஆரம்பித்தால், கையேடு அனுமதிக்கும் பட்சத்தில் 5டபிள்யூ-40க்குப் போங்கள். ஒரு படி, அவ்வளவுதான். 0டபிள்யூ-20க்கு வடிவமைத்த புதிய சின்ன டர்போக்களுக்கும் இதே கணக்குதான்: கையேடு இடம் கொடுத்தால் இரண்டாவது எண் 30 வரை, அதற்கு மேல் வேண்டாம். ஆயில் குடிக்காத கார் என்றால், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் பழைய தடிமனிலேயே விட்டுவிடுங்கள்.

அப்புறம் டின்னைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கப் படங்களால் உங்களுக்குப் பயனில்லை. ஏபிஐ எஸ்பி என்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். ஏபிஐ என்பது ஆயிலுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பு, எஸ்பி அதன் தர எழுத்து. 2020 மே மாதம் வந்த தரம் இது. எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி ஊசி டர்போ எஞ்சின்களில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. குறைந்த சுற்றில், அதிகச் சுமையில், உதாரணமாக கெந்திங் ஏற்றத்தில், சிலிண்டருக்குள் கலந்த ஆயில் துளிகள் ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். பிஸ்டனே உடைந்து போகலாம். ஆயில் அதைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் எஸ்பியில் இருக்கின்றன. இதே வரிசையின் பழைய தரங்களில் எஸ்எல் 2001இல் வந்தது, எஸ்எம் 2004இல் வந்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று இந்த எழுத்துகள் உள்ள டின்னை டர்போவுக்கு வாங்காதீர்கள்.

ஐரோப்பியக் கார் என்றால், ஐரோப்பியக் கார் நிறுவனங்களின் சங்கமான ஏசிஇஏ வகுத்த ஏ3/பி4 அல்லது சி3 என்ற தரத்தையும் பாருங்கள். இந்த இரண்டிலும் 150 டிகிரியில் ஆயிலை அழுத்திச் சோதிக்கும்போது கெட்டித்தன்மை 3.5 மில்லிபாஸ்கல்-வினாடிக்குக் குறையக் கூடாது. கார் நிறுவனத்தின் அனுமதி எண்ணும் முக்கியம். "ஏற்றது" என்று எழுதியிருப்பதும் "அங்கீகரிக்கப்பட்டது" என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. முன்னது ஆயில் விற்பவர் சொல்வது. பின்னது கார் செய்தவர் சோதித்துக் கொடுத்தது.

"ஹை மைலேஜ்" டின்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். காய்ந்து இறுகிப்போன ரப்பர் சீல்களை மென்மையாக்கும் பொருள் அவற்றில் இருக்கிறது. எஞ்சினில் லேசான கசிவு என்றால் பலன் தெரியும். ஆனால் டர்போவில் இருக்கும் சீல் பெரும்பாலும் ரப்பரே இல்லை, பிஸ்டன் வளையம் போன்ற உலோகம். அங்கே அது எதுவும் செய்யாது. நீலப் புகையைக் கண்டதும் டர்போவைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருந்தாலும் ஆயில் மேலேறி எரியும். அது மலிவான பொருள். உங்கள் ஃபோர்மேனிடம் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். பராமரிப்பு வரலாறு தெரியாத பழைய டர்போ காருக்கு எஞ்சின் ஃபிளஷ் (உள்ளே கசடைக் கரைக்கும் திரவம்) போடாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் கசடு கட்டியாகப் பெயர்ந்து அந்த மெல்லிய குழாயை அடைத்துவிட்டால் போச்சு. நல்ல ஃபுல்லி சிந்தெடிக் ஆயிலை ஊற்றி, அடுத்த இரண்டு தடவை 3,000 கிலோமீட்டரிலேயே மாற்றுங்கள். மெதுவாகவே சுத்தமாகட்டும்.

இணையத்தில் பாதி விலைக்கு வரும் டின்களையும் தொடாதீர்கள். போலி எஞ்சின் ஆயில் இந்த நாட்டில் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு டின்னில் ஐம்பது வெள்ளி மிச்சம் பிடித்துச் சில ஆயிரம் வெள்ளி டர்போவுக்குக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது மாற்றுவது? ஸ்டிக்கரில் 10,000 என்று எழுதியிருக்கலாம். ஜாலான் ஈப்போ நெரிசலில் ஒரு மணி நேரம் நிற்கும் காரில் கிலோமீட்டர் ஏறாது, ஆனால் ஆயில் வெந்துகொண்டே இருக்கும். நான் 5,000 முதல் 7,000க்குள், அல்லது ஆறு மாதத்தில் மாற்றச் சொல்கிறேன். நெடுஞ்சாலையில் வேகமாக வந்து தாப்பா ஓய்விடத்தில் நுழைந்தால் உடனே எஞ்சினை அணைக்க வேண்டாம். ஓரிரு நிமிடம் சும்மா ஓடட்டும். சூடான டர்போவில் ஓட்டம் நின்ற ஆயில் அங்கேயே கருகி ஒட்டிக்கொள்ளும்.

டீச்சர் டர்போவை மாற்றினார், பிசிவி வால்வையும் சேர்த்து. 5டபிள்யூ-40 ஊற்றினோம். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் சமதரையில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து, மீட்டர் எண்ணோடு ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையில் பெரும்பாலான கார்களில் சுமார் ஒரு லிட்டர். போன மாதம் நோட்டோடு வந்தார். 5,000 கிலோமீட்டரில் கால்வாசிதான் இறங்கியிருந்தது. பழையதை வடித்துவிட்டு, அதே 5டபிள்யூ-40 ஆயிலையே புதிதாக ஊற்றி அனுப்பினேன்.