வா என்றால் வரவு, தா என்றால் தரவு

“மாமா, டேட்டா எல்லாம் எடுத்து முடிஞ்சுது, இனிக் கொம்பியூட்டரில போட்டாச் சரி” என்று அக்காவின் மகள் ஒரு கட்டு வினாக்கொத்தோடு வந்து நின்றாள். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறாள், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் நெல் விளைச்சலைப் பற்றி ஆய்வு. வாங்கிப் புரட்டினேன். என்ன நெல்லினம் என்ற கேள்விக்கு பி.ஜி. 300 என்றால் 1, ஏ.ரி. 362 என்றால் 2, வேறு ஏதும் என்றால் 3 என்று குறியீடு போட்டிருந்தாள். கடைசித் தாளில் “நெல்லினத்தின் இடை 1.8” என்று ஒரு வரி, இடை என்றால் சராசரி. 1.8 என்று ஒரு நெல் கிடையாது. அவளில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் தரவு என்ற சொல்லை யாரும் அவளுக்குப் பிரித்துக் காட்டியிருக்கவில்லை. அன்று பின்னேரம் அவளுக்குச் சொன்னதைத்தான், கொஞ்சம் விரித்து, இங்கே எழுதுகிறேன்.

வா, வரு, வரவு. தா, தரு, தரவு. அவ்வளவுதான் அந்தச் சொல்லின் பிறப்பு. வருவது வரவு, தருவது அல்லது தரப்பட்டது தரவு. ஆங்கிலக்காரர் டேட்டா என்பதும் லத்தீன் மொழியில் ‘தரப்பட்டவை’ என்ற பொருள் உள்ள சொல்தான். ஒருமையில் டேட்டம், கொடுத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. ஓசை ஒத்துப் போவதை வைத்து இரண்டும் ஒரே வேர் என்று சொல்லிவிடக் கூடாது, அது வேறு மொழிக்குடும்பம். ஆனால் பொருள் ஒத்துப் போகிறது, அது போதும். தரவு புதிதாக அச்சடித்த கலைச்சொல்லும் அல்ல. தொல்காப்பியச் செய்யுளியலிலேயே கலிப்பாவின் முதல் உறுப்புக்குப் பெயர் தரவு. தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்று தமிழ்ப் பாடத்தில் மனப்பாடம் பண்ணினோமே, அதே தரவுதான். பாட்டு எதைப் பற்றியது என்று முதலில் எடுத்துத் தரும் பகுதி. பழைய சொல்லை எடுத்து இந்த வேலைக்கு வைத்தவர்கள் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள்.

தரப்பட்டது என்றால் தந்தவர் ஒருவர் இருக்க வேண்டும். இதைத்தான் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். தரவு மரத்தில் காய்த்துக் கிடப்பதில்லை, கேட்ட விதத்துக்குத் தக்கபடிதான் கிடைக்கிறது. ஒருமுறை இவளோடு நானும் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனேன். வரம்பில் குந்தியிருந்த ஒரு பெரியவரிடம் “ஐயா, போன பெரும்போகம் விளைச்சல் எப்படி?” என்று கேட்டாள். “பரவாயில்ல மகள்” என்றார். “ஏக்கருக்கு எத்தனை மூடை?” என்று அடுத்த கேள்வி. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வயலில கட்டின மூடையைக் கேக்கிறியா, காயவைச்சுக் கட்டினதைக் கேக்கிறியா?” என்று திருப்பிக் கேட்டார். எங்கள் வினாக்கொத்தில் அதற்கு இடமே இல்லை. ஈர நெல்லின் எடை வேறு, காய்ந்த நெல்லின் எடை வேறு. அரசாங்கத்து நெல் கொள்வனவில் 14 சதவீத ஈரப்பதன் என்று ஓர் அளவு வைத்திருப்பதே அதற்காகத்தான். அந்தப் பெரியவர் கேட்ட ஒரு கேள்வி எங்கள் வினாக்கொத்து முழுவதையும் விடப் பெரியது என்று எனக்குப் பட்டது. ‘பரவாயில்லை’ ஒரு வகைத் தரவு. ‘28 மூடை’ இன்னொரு வகை. ‘காய்ந்த நெல் இத்தனை கிலோ’ மூன்றாவது. மூன்றும் ஒரே மனிதர், ஒரே வயல், ஒரே போகத்தைப் பற்றித் தரக்கூடியவைதான், ஆனாலும் மூன்றையும் வைத்துச் செய்யக்கூடிய கணக்கு ஒன்றல்ல.

இந்த வகைகளை நாலாகப் பிரித்து எழுதியவர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், 1946இல். முதலாவதைத் தமிழில் பெயரளவு என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள், எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. ‘பெயரளவுக்குத் தலைவர்’ என்றால் பேச்சுக்கு மட்டும் என்று அர்த்தம். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு இது முக்கியமில்லாத தரவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெயர்வகை என்று சொல்லிவிடலாம். பெயர் மட்டும் சொல்லும் தரவு. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையா மேற்கே படுவான்கரையா, பெரும்போகமா சிறுபோகமா, என்ன நெல்லினம், எல்லாம் இதில் அடங்கும். எத்தனை பேர் என்று எண்ணலாம், எது கூட என்று பார்க்கலாம், அதற்கு மேல் கூட்டவோ வகுக்கவோ ஒன்றுமில்லை.

நெல்லினத்தில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. பி.ஜி. என்பது பத்தலகொடை, ஏ.ரி. என்பது அம்பலாந்தோட்டை, அந்த நெல் உருவான ஆராய்ச்சி நிலையத்தின் பெயர். பின்னால் வரும் எண்ணில் 300 என்று தொடங்கினால் மூன்று மாத நெல், 350, 360 பக்கம் வந்தால் மூன்றரை மாதம், 400இல் தொடங்கினால் நாலு மாதம். எங்கள் விவசாயிகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஆகவே அந்தப் பெயருக்குள் வயது என்ற அளவு ஒளிந்திருக்கிறது. அதற்காக 300ஐயும் 362ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது எந்த நெல்லும் அல்ல. வயது வேண்டுமென்றால் வயதைத் தனி நிரலில் எழுத வேண்டும்.

இரண்டாவது வரிசைவகை. நல்ல விளைச்சல், பரவாயில்லை, மோசம். எது முந்தி எது பிந்தி என்று தெரியும், எவ்வளவு இடைவெளி என்று தெரியாது. ‘முற்றாக உடன்படுகிறேன்’ தொடங்கி ‘முற்றாக மறுக்கிறேன்’ வரை ஐந்து பெட்டி போட்டுக் கேட்கிறோமே, ரென்சிஸ் லைக்கர்ட் என்ற இன்னொரு உளவியலாளர் 1932இல் கொண்டுவந்த முறை, அங்கே ஒவ்வொரு பதிலும் இந்த வகைதான். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் எத்தனையோ படிவங்கள் இப்படி நிரப்பப்பட்டன. “உதவி திருப்தியா?” என்று கேட்டு 1 முதல் 5 வரை வட்டம் போட வைத்து, சராசரி 3.7 என்று எழுதிக் கொண்டுபோனார்கள். நான் நிரப்பிக் கொடுத்த படிவங்களும் அதில் உண்டு. கூடாரத்தில் இருந்த ஒரு அம்மா போட்ட 3க்கும் வீடு கிடைத்தவர் போட்ட 4க்கும் நடுவில் இருந்த தூரத்தை அந்த 3.7 எங்கே சொன்னது?

மூன்றாவதற்கு இலங்கைப் பாடநூல் தமிழில் ஆயிடை என்று அழகான சொல் உண்டு, வகுப்பாயிடை என்று சின்ன வகுப்பிலேயே படிப்போம். அ என்ற சுட்டும் இடையும் சேர்ந்து சுட்டு நீண்ட சொல், ‘அந்த இடை’ என்று பொருள். ஆண்டைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது 1978, சுனாமி 2004. நடுவில் 26 வருடம் என்று கழித்துச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. 2004ஐ 1978ஆல் வகுத்தால் ஒன்றும் இல்லை, ஏனென்றால் ஆண்டுக் கணக்கு தொடங்கும் இடம் நாமாக வைத்துக்கொண்டது. வெப்பநிலையும் அப்படியே, செல்சியஸில் 30 பாகை 15 பாகையைப் போல இரண்டு மடங்கு சூடு அல்ல. நாலாவது விகிதவகை: கிலோ, ஏக்கர், ரூபாய். பூச்சியம் என்றால் உண்மையிலேயே ஒன்றுமில்லை, அதனால் இரண்டு மடங்கு என்று துணிந்து சொல்லலாம். பழைய இலக்கணம் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நாலு அளவை சொல்லுமே, அவை எல்லாம் இந்த வகைக்குள் வரும். ஆடு மாட்டை எண்ணுவது, நெல்லை நிறுப்பது, பாலை முகப்பது, காணியை அளப்பது. எண்ணி வருவது முழு எண்ணாக நிற்கும், அளந்து வருவதில் அரை, கால் எல்லாம் வரும்.

அப்புறம் இடை, இடையம், ஆகாரம். எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் இடை, வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது இடையம், அதிக தடவை வருவது ஆகாரம். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் சராசரி, இடைநிலை, முகடு என்று இருக்கும், இணையத்தில் தேடுகிற நம் பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். இடையைவிடச் சராசரி சனங்களின் சொல், பாரசீகத்திலிருந்து வந்தாலும் ஊரோடு கலந்துவிட்டது. ஆகாரம் வடசொல், வடிவம், உணவு என்று அங்கே இரண்டாக இருந்த சொற்கள் தமிழில் ஒரே எழுத்தாகிவிட்டன. முகடு எவ்வளவோ மேல், வரைபடத்தில் எழும்பி நிற்கும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. பெயர்வகைக்கு முகடு மட்டும்தான் பொருந்தும், வரிசைவகைக்கு இடையமும் பொருந்தும், சராசரி ஆயிடையிலிருந்து தொடங்கும்.

இனி ஆய்வு வடிவமைப்பு. இதில் ஒரு சொல் பெரிய சேதம் செய்கிறது: எழுமாறு, ஆங்கிலத்தில் ரண்டம் என்பது. வருமாறு, செய்யுமாறு போல ‘எழுகிறபடி’ என்று பொருள். அதனால் ‘எழுமாற்றாக 60 விவசாயிகள்’ என்று எழுதிவிட்டு, பஸ்ஸால் இறங்கிக் கண்ணில் பட்ட 60 பேரைப் பிடிக்கிறார்கள். தமிழ்நாட்டார் சொல்லும் சமவாய்ப்பு இந்த இடத்தில் சரியான சொல், எல்லாருக்கும் தெரிவாக ஒரே அளவு வாய்ப்பு. கமநல சேவை நிலையத்தில் விவசாயிகளின் பட்டியலை வாங்கி, சீட்டுக் குலுக்கி எடுத்தால் அது சமவாய்ப்பு. றோட்டோரத்து வயல்காரர் மட்டும் அகப்பட்டால், உள்ளே யானை வருகிற வட்டைக்காரரின், அதாவது உள் வயல்வெளிக்காரரின் விளைச்சல் கணக்கில் வராமலே போகும். இந்தக் குலுக்கலைப் பரிசோதனைக்குள் கொண்டுவந்த புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1919இல் வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையத்தில்தான், இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட்டில். பாத்தி பாத்தியாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்று குலுக்கிப் போட்டார். உரம் போடாத பாத்தியைக் கட்டுப்பாட்டுக் குழு என்கிறோம், ஒப்பீட்டுக் குழு என்றால் அதன் வேலை சட்டென்று விளங்கும்.

மருமகளுக்கு 2021 உரத்தடையும் தலைப்பில் இருந்தது. மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் விலக்கினார்கள், அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. ஆனால் தடை முழு நாட்டுக்கும், ஆகவே ஒப்பிட உரம் கிடைத்த மாவட்டம் என்று ஒன்று இல்லை. மிஞ்சுவது முன்னும் பின்னும் பார்ப்பது, அதிலும் மழை, பூச்சி, எண்ணெய் விலை எல்லாம் கலந்து கிடக்கும். அவள் செய்தது ஒவ்வொருவரிடமும் ஒரேயொரு முறை கேட்டது, குறுக்குவெட்டு ஆய்வு. வாழைத்தண்டை ஓரிடத்தில் வெட்டிப் பார்ப்பது போல. அதே விவசாயிகளிடம் போகத்துக்குப் போகம் போயிருந்தால் நெடுக்கு ஆய்வு. குறுக்காக வெட்டிவிட்டு ‘தடையினால்தான் குறைந்தது’ என்று எழுத முடியாது, ‘குறைந்ததாக விவசாயிகள் சொன்னார்கள்’ என்று எழுதலாம். அந்த வரியை அவள் அப்படியே மாற்றி எழுதினாள். மூடை என்ற நிரலை அழித்து, ‘காய்ந்த நெல், கிலோ’ என்று போட்டு, அடுத்த சனிக்கிழமை மறுபடி கொக்கட்டிச்சோலைக்குப் போனாள்.