செம்பனைக் கால்வாயின் இக்கான் லாகா

மலேசியாவில் தெலுக் இந்தானை ஒட்டிய தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இக்கான் லாகா என்ற சண்டை மீனைத் தெரியாமல் இருக்காது. பள்ளி விட்டதும் மைலோ டின்னைத் தூக்கிக்கொண்டு செம்பனை (எண்ணெய்ப் பனை) வரிசைகளுக்கு நடுவே இருக்கும் கால்வாய்க்குப் போவோம். தண்ணீர் தேநீர்ச் சாயம் போலக் கறுத்திருக்கும், ஓட்டமே இருக்காது. கரையோரப் புல் வேருக்குள் இரு கைகளையும் குவித்து மெல்லத் தூக்கினால், சேற்றோடு விரல் நீளத்தில் அது துள்ளும். கறுத்த உடல், பச்சையும் நீலமுமாக மின்னும் செதில், ஆண் மீனின் வால் விளிம்பில் பிறை போலச் சிவப்பு.

இதன் அறிவியல் பெயர் பெட்டா இம்பெல்லிஸ். 1975இல் வெர்னர் லாடிகெஸ் என்ற ஜெர்மானிய மீனியலாளர் வைத்தது. இம்பெல்லிஸ் என்றால் லத்தீனில் போருக்குப் போகாதது என்று பொருள். சண்டை மீனுக்கு இப்படி ஒரு பெயரா என்று தோன்றும். ஆனால் கால்வாயில் இரண்டு ஆண் மீன்கள் எதிர்ப்பட்டால் செவுள் மூடியை விரித்து, நிறத்தை ஏற்றிக்கொண்டு முறைக்கும். பெரும்பாலும் சற்று நேரத்தில் ஒன்று ஒதுங்கிப் போய்விடும். ஒதுங்க இடமில்லாத போத்தலில் இரண்டையும் அடைத்துக் கடிக்க வைத்தது நாங்கள்தான்.

கெண்டையை விட்டால் மூச்சுத் திணறிச் சாகக்கூடிய அந்தத் தண்ணீரில் இது எப்படிப் பிழைக்கிறது? 30 டிகிரி வெப்பத்தில், காற்றோடு நன்றாகக் கலந்த நன்னீரிலேயே ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஓடாத கால்வாயில் மட்டையும் இலையும் அழுகும்போது நுண்ணுயிர்கள் அதிலும் பெரும்பங்கைத் தின்றுவிடும். ஆனால் தண்ணீருக்கு மேலே இருக்கும் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது.

இம்பெல்லிஸ் அந்தக் காற்றைத்தான் குடிக்கிறது. செவுளுக்கு மேலே தலைக்குள் ஒரு சிறு அறை. அதற்குள் செவுள் வளைவிலிருந்து உருவான எலும்பு, கசக்கிய காகிதம் போல மடிப்பு மடிப்பாக நிற்கும். அதன் மேல் மெல்லிய தோல், தோலில் நுண்ணிய ரத்தக் குழாய்கள். மீன் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி இந்த அறையை நிரப்ப, ஆக்சிஜன் நேரே ரத்தத்தில் ஏறும். கரியமில வாயுவின் பெரும்பகுதி வழக்கம்போலச் செவுள் வழியே வெளியேறும். நம் தாத்தாக்கள் தஞ்சைப் பக்கக் குளங்களில் பார்த்த பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்புதான். இங்கே அதை இக்கான் புயு என்கிறோம்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. இந்த மீனுக்குச் செவுள் மட்டும் போதாது. ஒருமுறை போத்தலில் கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி ஜன்னலோரம் வைத்தேன். காலையில் அது மூடிக்கு அடியில் வாய் திறந்தபடி செத்துக் கிடந்தது. தண்ணீர் குறைந்துவிடக் கூடாதே என்றுதான் நிரப்பினேன். நான் பறித்தது காற்றை என்று புரிய வெகுகாலம் ஆனது.

குஞ்சுகளுக்குப் பொரிக்கும்போது இந்த உறுப்பு இருக்காது. வளரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை காற்றைத் தொட்டு ஆக்சிஜன் கரையும் தண்ணீரின் மேல்மட்டம்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு. அதனால் ஆண் மீன் ஏதாவது ஓர் இலைக்கு அடியில், எச்சிலும் காற்றும் கலந்த குமிழ்களால் நுரைக் கூடு கட்டுகிறது. பெட்டை இடும் முட்டைகள் கீழே அமிழ, ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கிக் கூட்டில் ஒட்டுகிறது. பொரித்த குஞ்சு நழுவி விழுந்தாலும் கவ்விக்கொண்டு வந்து வைக்கும். தாய் அல்ல, தகப்பன்தான் காவல்.

ஆகவே இந்த மீனுக்கு வேண்டியது தெளிந்த தண்ணீரை விட, அசையாத மேற்பரப்பும் கரையோரப் புல்லும். கால்வாய்க்கு சிமெண்டு போட்டாலோ கரையில் களைக்கொல்லி அடித்தாலோ கூடு தங்க இடமில்லை. கடையில் வாங்கிய நீள வால் பெட்டாவைக் கால்வாயில் விடுவதும் கெடுதல்தான். அது இம்பெல்லிஸோடு கலந்து இனம் பெருக்கக்கூடியது.

போன மாதம் தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கால்வாயின் ஒரு பக்கம் புல் கருகிக் கிடந்தது. மறுபக்கத்தில், கங்கோங் கீரையின் இலைக்கு அடியில் ஐம்பது காசு அகலத்துக்கு வெள்ளை நுரை. குனிந்தபோது என் நிழல் விழுந்தது. அடியில் இருந்த மீன் ஓடவில்லை. செவுளை விரித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் திரும்பியது.