ஓடிபி சொல்லிவிட்டாலும் உடனே போன் போடுங்கள்

நீங்கள் எதுவும் வாங்கவில்லை, ஓடிபியும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் கணக்கிலிருந்து பணம் போனதாக எஸ்எம்எஸ் வருகிறது. இந்த நஷ்டம் யாருடையது? ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் இதற்குப் பதில் இருக்கிறது.

தவறு வங்கியுடையது என்றால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் கிடையாது. இருவர் மேலும் தவறில்லை, நடுவில் வேறெங்கோ தகவல் கசிந்தது என்றால் நாள் கணக்கு வரும். எஸ்எம்எஸ் வந்த நாளை விட்டுவிட்டு, மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் முழுத்தொகையும் திரும்பும். நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்குக்காரர் அதிகபட்சம் ரூ.10,000 வரை ஏற்க வேண்டியிருக்கும். ஜீரோ பேலன்ஸ் அடிப்படைக் கணக்கில் ரூ.5,000. அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் விதிதான்.

சரி, ஓடிபியை நாமே சொல்லிவிட்டால்? வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போனது நம் தலையில். சொன்ன பிறகு போவது வங்கியின் தலையில். இந்த இரண்டாவது பாதிதான் பலருக்குத் தெரியாது. என் சித்தி ஆன்லைனில் வாங்கிய புடவையைத் திருப்பி அனுப்பியிருந்தார். ‘ரீஃபண்ட்’ என்று அழைத்தவன், நம் போன் திரையை அடுத்தவர் பார்க்க வழிசெய்யும் ஸ்கிரீன் ஷேரிங் ஆப் ஒன்றை டவுன்லோட் செய்ய வைத்தான். முதலில் போனது ரூ.4,000. சித்தப்பா திட்டுவார் என்று பயந்து ராத்திரி முழுக்க வாய் திறக்கவில்லை. விடிவதற்குள் இன்னும் இரண்டு முறை பணம் போயிருந்தது. அன்றிரவே போன் போட்டிருந்தால் அந்த இரண்டும் வங்கியின் கணக்கில் விழுந்திருக்கும்.

கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்கு அழைத்து முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கேயே அதை நிறுத்திவைக்க முயல்வார்கள்.

புகார் சொன்ன 10 வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தவறு உங்களுடையது என்று நிரூபிப்பதும் வங்கியின் பொறுப்பே. ‘நீங்கதான் ஓடிபி கொடுத்திருப்பீங்க’ என்று கவுன்டரில் வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணமில்லை. விவரம் கேட்க 14448.

எஸ்எம்எஸ் வந்தால்தான் இதெல்லாம் தொடங்கும். வங்கியில் பழைய செல் நம்பர் கிடந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.